தமிழ்ப் பெயருக்கு அமெரிக்க டிரேட்மார்க்: மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொள்ளாமல் பதிவு செய்வது எப்படி

அமெரிக்காவில் மசாலாப் பொடி விற்க 'மயில்' என்று பெயர் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிரேட்மார்க் தேடல் தளத்தில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்க்கிறீர்கள். எதுவும் வரவில்லை. லேபிள் அச்சடித்தாயிற்று, டப்பா வந்திறங்கிவிட்டது, விண்ணப்பமும் போட்டாயிற்று. அரை வருடம் கழித்து ஒரு கடிதம் வருகிறது: 'பீகாக்' என்ற சொல் இதே வகைப் பொருளுக்கு வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, வாங்குபவர்கள் குழம்பிப்போவார்கள், ஆகவே உங்களுக்குத் தர இயலாது.

ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாத இரண்டு பெயர்கள் எப்படிக் குழப்பும்? அமெரிக்க டிரேட்மார்க் சட்டத்தில் குழப்பும். அயல்மொழிச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்து, அந்த ஆங்கிலச் சொல்லோடு ஒப்பிடுவது அங்கே வழக்கம். இது தெரியாமல் பெயர் வைப்பதுதான் தமிழ்ப் பெயர்க்காரர்கள் செய்யும் முதல் தவறு. கீழே உள்ள வரிசைப்படி போனால் பெரும்பாலான சிக்கலை முன்கூட்டியே பார்த்துவிடலாம். கட்டணங்கள் எல்லாம் 2025 ஜனவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தவை. பணம் கட்டும் அன்று அமெரிக்கக் காப்புரிமை, வணிகச் சின்ன அலுவலகத்தின் (யுஎஸ்பிடிஓ) தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பெயரை முதலில் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்

உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் யுஎஸ்பிடிஓ ஆய்வாளர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: ஆங்கிலமும் தமிழும் தெரிந்த சாதாரண வாடிக்கையாளர், கடையில் இந்தப் பெயரைப் பார்த்தால் நின்று ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்வாரா? தமிழே தெரியாத அமெரிக்கரை வைத்து இதை அளப்பதில்லை. அதனால் 'இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும்' என்று பதில் எழுதுவது பெரும்பாலும் வீண் வேலை. உங்கள் சரக்கு இந்திய மளிகைக் கடைகளுக்குப் போகிறது என்றால் அந்த வாதம் உங்களையே திருப்பிக் குத்தும்.

நடந்த வழக்குகளைப் பார்த்தால் போக்கு புரியும். காய்கறிக்குக் கேட்ட ஸ்பானியச் சொல் 'எல் காயோ' 1991இல் மறுக்கப்பட்டது. அதற்குச் சேவல் என்று பொருள், ஏற்கெனவே 'ரூஸ்டர்' பதிவில் இருந்தது. சோப்புக்குக் கேட்ட 'புவேனோஸ் தீயாஸ்', சவரக் கிரீமுக்குப் பதிவாகியிருந்த 'குட் மார்னிங்' மேல் மோதி 1987இல் நின்றது. நகைக்குக் கேட்ட பிரெஞ்சுச் சொல் 'மார்ஷே நுவார்', 'பிளாக் மார்க்கெட் மினரல்ஸ்' என்ற பெயரால் 2006இல் தடைபட்டது. இவை எல்லாமே நேருக்கு நேர் பெயர்க்கக்கூடிய எளிய சொற்கள். சேவல், காலை வணக்கம், கள்ளச்சந்தை என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம்.

தப்பித்த பெயர்களும் உண்டு, அவற்றைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். 'டியா மரியா' என்ற உணவகம், டப்பாவில் அடைத்த காய்கனி விற்ற 'ஆன்ட் மேரிஸ்' மேல் மோதவில்லை என்று யுஎஸ்பிடிஓவின் மேல்முறையீட்டு வாரியம் 1975இல் முடிவு செய்தது. மெக்சிக உணவகத்துக்குள் நுழைகிற யாரும் அந்தப் பெயரை 'மேரி அத்தை' என்று பெயர்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். சருமப் பூச்சுக்கான 'ரெபெஷாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் 'செகண்ட் சான்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரும் ஒன்றல்ல என்று, வாரியத்துக்கு மேலே உள்ள ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 1983இல் சொன்னது. பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஏறக்குறைய என்பது போதவில்லை. 'வூவ்' என்றால் பிரெஞ்சில் விதவை. அதை அமெரிக்க வாடிக்கையாளர் பெயர்த்துக்கொள்ள மாட்டார் என்று அதே நீதிமன்றம் 2005இல் 'வூவ் கிளிக்கோ' ஷாம்பெயின் வழக்கில் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 'வூவ் ரோயால்' என்று கேட்ட விண்ணப்பதாரருக்கு வேறு காரணத்தால் தோல்வி: இரண்டு பெயரும் 'வூவ்' என்றே தொடங்கின, பார்வைக்கும் காதுக்கும் ஒன்றுபோல் இருந்தன.

இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும். 'முத்து', 'மயில்', 'சேவல்', 'அணில்' போன்ற சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு நேர்ச்சொல் இருக்கிறது. ஆபத்து இவற்றில் அதிகம். 'திங்கள்' என்றால் நிலவு, மாதம், வாரத்தில் ஒரு நாள். 'மாலை' என்றால் அந்திப் பொழுதும் கழுத்தில் போடுவதும். இத்தகைய சொல்லை ஆய்வாளர் ஒரே ஆங்கிலச் சொல்லில் பூட்டுவது கடினம். 'குறிஞ்சி' போன்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்நிகரே இல்லை. புதிதாகப் பெயர் தேடுகிறவர்களுக்கு என் யோசனை: பறவை, விலங்கு, மணி, பூவின் பொதுப்பெயர்களை விட்டுவிட்டு இந்த மூன்றாவது ரகத்தில் தேடுங்கள். தமிழில் அதற்குப் பஞ்சமே இல்லை.

இன்னொரு விதி கைகொடுக்கும். ஒப்பிடப்படும் இரண்டு சொற்களும் ஆங்கிலமல்லாத வெவ்வேறு மொழிகளாக இருந்தால், பெயர்த்து ஒப்பிடும் வழக்கத்தைப் பொதுவாக நீட்டுவதில்லை. அதாவது உங்கள் 'சேவல்' ஒரு ஸ்பானிய 'காயோ'வைப் பார்த்து அவ்வளவாக அஞ்ச வேண்டாம். ஆங்கில 'ரூஸ்டர்' தான் எதிரி.

2. தேடல்: ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாதீர்கள்

யுஎஸ்பிடிஓவின் தேடல் தளம் இலவசம். 2023 நவம்பர் இறுதியில் பழைய தளத்தை மூடிவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார்கள், பழைய வழிகாட்டிகளில் இருக்கும் படங்கள் பொருந்தாது. தேட வேண்டியவை:

- உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதக்கூடிய எல்லா விதமும். இரட்டித்த உயிர், 'ழ'வுக்கு இரண்டு வழி, 'த'வுக்கு எச் சேர்த்தும் சேர்க்காமலும். 'யாழ்' என்ற சின்னச் சொல்லுக்கே நாலைந்து கூட்டல் கிடைக்கும்.
- நேரான ஆங்கிலப் பொருள், அதன் ஒருமையும் பன்மையும்.
- அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நெருங்கிய இன்னொரு சொல்.
- ஆங்கிலக் கண்ணுக்கு உங்கள் பெயர் எப்படித் தெரியுமோ அது.

கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'மயில்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் தமிழறியாதவர் அதை 'மெயில்' என்று படிக்கலாம். 'பால்' என்பதை ஓர் 'ஏ' மட்டும் போட்டு எழுதினால் அது தோழன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். 'தேன்' அங்கே 'அப்போது' என்று பொருள்படும் ஆங்கில 'தென்' ஆகிவிடும். டிரேட்மார்க்குக்குச் 'சரியான உச்சரிப்பு' என்று ஒன்று கிடையாது என்பது நிலைத்த விதி. 2012இல் விதை நிறுவனம் ஒன்றின் வழக்கில் 'எக்ஸ்-சீட்' என்று பதிவானதும் 'எக்ஸீட்' என்று கேட்டதும் ஒலியில் ஒன்றே என்று மறுப்பு உறுதியானது. 'நாங்கள் அப்படி உச்சரிப்பதில்லை' என்ற பதில் எடுபடாது.

வரும் முடிவுகளில் உயிரோடிருக்கும் பதிவுகளையும், உங்களுக்கு முன்பே போடப்பட்டு நிலுவையிலிருக்கும் விண்ணப்பங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலாவதியானவை உங்கள் விண்ணப்பத்தை மறிக்காது. ஆனால் அந்தப் பெயரில் இன்னும் யாராவது வியாபாரம் செய்கிறார்களா என்று பாருங்கள். அமெரிக்காவில் பதியாமல் பயன்படுத்தினாலே உரிமை பிறந்துவிடும். அப்படி ஒருவர் பின்னால் எழுந்து எதிர்க்கலாம். ஆகவே இணையக் கடைகள், பெரிய ஊர்களின் இந்திய மளிகைக் கடை அலமாரிகள், மாநிலப் பதிவேடு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

ஒரே பெயர் கிடைத்தாலும் உடனே மனம் தளர வேண்டாம், பொருளைப் பாருங்கள். இரண்டு பெயரும் எவ்வளவு ஒக்கின்றன, இரண்டு சரக்கும் எவ்வளவு தொடர்புடையவை என்ற இரண்டும்தான் தராசில் அதிகம் கனக்கும். குழப்பம் வருமா என்று அளக்க 1973 முதல் பின்பற்றும் பட்டியலில் 13 அம்சங்கள் இருந்தாலும் பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த இரண்டிலேயே முடிவாகும். மசாலாவும் ஊறுகாயும் தொடர்புடையவை என்று சொல்ல ஆய்வாளருக்குச் சிரமமே இருக்காது. ஒரே நிறுவனம் இரண்டையும் விற்பதற்கு நாலு இணையப் பக்கத்தை இணைத்துவிடுவார். மசாலாவும் உணவகமும் என்றால் மட்டும் 'உணவு என்பதால் தொடர்பு' என்று விட்டுவிட முடியாது, கூடுதலாக ஏதாவது காட்ட வேண்டும்.

3. பெயர் பொருளையே சொல்கிறதா?

மொழிபெயர்ப்பு இன்னொரு பக்கமும் வெட்டும். தேன் விற்கிறவர் 'தேன்' என்று பதிய முடியாது. ஆங்கிலத்தில் 'ஹனி' என்று தேனுக்குப் பதிய முடியாது, தமிழில் எழுதினாலும் அதே கதிதான். ஹங்கேரிய மொழியில் ஒருவகை நூடுல்ஸின் பெயரான 'ஹலுஷ்கா'வைத் தனியுரிமையாக்கியது செல்லாது என்று 1961லேயே தீர்ப்பு. ஸ்விஸ் ஃபேஷன் நிறுவனம் ஒன்று 'வெட்மோன்' என்ற தன் பெயரை உடைக்குப் பதிய முயன்றது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு உடை என்பதே பொருள். உலகம் அறிந்த பிராண்டாக இருந்தும் 2025 மே மாதம் ஃபெடரல் சர்க்யூட் மறுத்துவிட்டது.

ஆக, பொடி, தோசை மாவு, முறுக்கு, துணி, நகை போன்ற சொற்கள் பெயரின் வாலாக வரலாம், தலையாக வரக் கூடாது. 'மயில் இட்லி பொடி' என்றால் 'இட்லி பொடி'க்குத் தனியுரிமை கோரவில்லை என்று ஒரு வாசகம் எழுதித் தரச் சொல்வார்கள். அதை டிஸ்க்ளெய்மர் என்பார்கள். எழுதித் தந்துவிடுங்கள், அதனால் நட்டம் ஏதுமில்லை. கூடவே ஒரு நடைமுறை யோசனை: வாலை நறுக்கிவிட்டு 'மயில்' மட்டும் பதிந்தால் நாளை சாம்பார் பொடிக்கும் அதே பதிவு உதவும்.

4. தமிழ் எழுத்தில் பதிவதா, ஆங்கில எழுத்தில் பதிவதா?

'ஸ்டாண்டர்ட் கேரக்டர்' என்ற வடிவில் பதிந்தால் எந்த எழுத்துருவிலும் எந்த நிறத்திலும் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் அதில் லத்தீன் எழுத்துகளுக்கு மட்டுமே இடம். தமிழ் எழுத்தில் வேண்டுமென்றால் படமாகத்தான் ஏற்ற வேண்டும், பாதுகாப்பும் அந்தப் படத்தை ஒட்டியே இருக்கும்.

லேபிளில் இரண்டும் சேர்ந்து இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே படமாக்கி ஒரே விண்ணப்பமாகப் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஐந்து வருடத்தில் லேபிளை மாற்றுவீர்கள், எழுத்துரு மாறும், தமிழ் மேலேயும் ஆங்கிலம் கீழேயும் இருந்தது இடம் மாறும். பதிவு பழைய லேபிளோடு தங்கிவிடும். கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஆங்கில எழுத்தில் ஸ்டாண்டர்ட் கேரக்டராகப் போடுங்கள். தமிழ் எழுத்து லோகோவை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

5. மொழிபெயர்ப்பு வாசகம்: இரண்டு வரி, அதிகத் தவறு

விண்ணப்பத்தில் ஆங்கிலமல்லாத சொல் இருந்தால் அதன் ஆங்கிலப் பொருளைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதிய பெயருக்கு வாசகம் இப்படி அமையும்: 'இச்சின்னத்தில் உள்ள மயில் என்ற சொல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு பீகாக்.' தமிழ் எழுத்துப் படம் என்றால் ஒலிபெயர்ப்பும் சேரும்: 'இச்சின்னத்தில் உள்ள லத்தீன் அல்லாத எழுத்துகள் மயில் என்று ஒலிபெயரும், ஆங்கிலத்தில் இதன் பொருள் பீகாக்.' இரண்டையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். படிவத்தில் தனிக் கட்டமே இருக்கிறது.

இந்த வரியை விட்டுவிட்டால் விண்ணப்பம் முழுமையற்றது என்று வகுப்பு (சரக்கின் வகை) ஒன்றுக்கு 100 டாலர் கூடுதலாகக் கேட்பார்கள். மூன்று வகுப்பு போட்டிருந்தால் 300 டாலர், ஒரு வரிக்காக.

அதைவிடக் கெட்ட யோசனை, 'இந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை' என்று எழுதிவைப்பது. அந்த வாசகம் புதிதாக உருவாக்கிய சொற்களுக்கானது. விண்ணப்பத்தின் அடியில் சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி தந்து கையெழுத்திடுகிறீர்கள். பின்னாளில் தகராறு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது இந்த வரியைத்தான்.

சொல்லை அழகுபடுத்தவும் வேண்டாம். 'திங்கள்' என்பதற்கு 'குளிர்ந்த ஒளி' என்று கவித்துவமாக எழுதினால் ஆய்வாளர் அகராதியைப் பார்த்து, தன் பொருளைப் போடச் சொல்லுவார். அகராதியில் பல பொருள் இருந்தால் பலவற்றையும் எழுதுங்கள்: 'நிலவு, மாதம், திங்கட்கிழமை'. இது உண்மை, உங்களுக்கு நன்மையும்கூட. பின்னால் 'நேர்ச்சொல் ஒன்றில்லை' என்று வாதாட அப்போதே அடி போட்டதாகும்.

ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்ட தமிழ்ச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. கட்டுமரத்திலிருந்து போன 'கேட்டமரான்', மிளகுத் தண்ணீரிலிருந்து போன 'மல்லிகட்டானி' இரண்டும் இப்போது ஆங்கிலச் சொற்களே. சூப்புக்கு 'மல்லிகட்டானி' என்று பதிய முடியாது என்பது வேறு விஷயம்.

6. விண்ணப்பம்: யார் பெயரில், எந்த வகுப்பில், எவ்வளவு

முதலில் யுஎஸ்பிடிஓ தளத்தில் கணக்குத் திறந்து அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். விண்ணப்பம் 'டிரேட்மார்க் சென்டர்' என்ற பகுதியில். அமெரிக்காவில் வசிப்பவர் தானே போடலாம். விண்ணப்பதாரரின் நிரந்தர இருப்பிடம் அமெரிக்காவுக்கு வெளியே, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால், அமெரிக்க உரிமம் பெற்ற வழக்கறிஞர் கட்டாயம். 2019 ஆகஸ்ட் 3 முதல் இந்த விதி.

உரிமையாளர் பெயரில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வியாபாரம் உங்கள் எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பெயரில் நடக்கிறது, விண்ணப்பத்தில் உங்கள் சொந்தப் பெயரைப் போட்டுவிட்டீர்கள். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள பெயராக இருந்தால், விண்ணப்பித்த நாளில் உரிமையாளராக இல்லாதவர் போட்ட விண்ணப்பம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. திருத்தவும் முடியாது. கட்டணம் போய், புதிய தேதியில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

வகுப்புகள்: மசாலா, பொடி, முறுக்கு, இட்லி மாவு, சட்னி 30ஆம் வகுப்பு. காய்கறி ஊறுகாய் 29. உடை 25. நகை 14. உணவகம் 43. ஒரு வகுப்புக்கு அடிப்படைக் கட்டணம் 350 டாலர்.

அந்த 350, அலுவலகத்தின் பட்டியலில் உள்ள சரக்கு வருணனைகளை அப்படியே தேர்ந்தெடுத்தால்தான். உங்கள் சொந்த வார்த்தையில் தட்டினால் வகுப்புக்கு 200 டாலர் கூடும். 'கறிவேப்பிலைப் பொடி', 'பருப்புப் பொடி' என்று ஒவ்வொன்றாகத் தட்ட ஆசை வரும். பட்டியலில் மசாலாக் கலவைகளுக்கான பொதுவான வருணனைகளைத் தேடுங்கள், பெரும்பாலும் உங்கள் பொடி அதற்குள் அடங்கும்.

பயன்பாட்டில் உள்ள பெயர் என்றால் சான்று மாதிரி வேண்டும்: உண்மையான லேபிள் ஒட்டிய பொட்டலத்தின் புகைப்படம், அல்லது வாங்கும் பொத்தானோடு உள்ள இணையக் கடைப் பக்கம். இணையப் பக்கம் என்றால் முகவரியும் எடுத்த தேதியும் தெரிய வேண்டும். கணினியில் வரைந்த மாதிரிப் பொட்டலத்தை அனுப்பாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்றால் 'பயன்படுத்தும் உத்தேசம்' என்ற அடிப்படையில் போடுங்கள். அனுமதி அறிவிப்பு வந்தபின் 6 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும், வகுப்புக்கு 150 டாலர். அவகாசம் நீட்டிக்க ஒவ்வொரு 6 மாதத்துக்கும் வகுப்புக்கு 125 டாலர், மொத்தத்தில் 36 மாதம் வரை.

லேபிள் அச்சடிக்கும் முன் விண்ணப்பம் போடுவதற்கு இந்த உத்தேச வழி இருக்கிறது. பதினாயிரம் ஸ்டிக்கர் அச்சடித்த பிறகு வரும் மறுப்பைவிட 350 டாலரோடு போகும் மறுப்பு மலிவு.

வீட்டு முகவரி ஒரு சின்ன விஷயம்: இருப்பிட முகவரி மறைவாக இருக்கும், தபால் முகவரி எல்லோருக்கும் தெரியும். இரண்டு கட்டத்திலும் வீட்டையே போட்டால் மறைத்துப் பயனில்லை. தபால் முகவரிக்குப் பெட்டி எண் போதும்.

7. மறுப்புக் கடிதம் வந்தால்

முதல் பரிசீலனைக்கு அரை வருடம் போல ஆகும். சிக்கல் இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருடம். ஆய்வாளரின் கடிதத்துக்கு 'ஆபீஸ் ஆக்‌ஷன்' என்று பெயர். பதிலளிக்க 3 மாதம். கூடுதலாக ஒரே ஒரு 3 மாதம் வாங்கலாம், 125 டாலர். பதில் அனுப்பக் கட்டணமில்லை. தேதி தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும், உயிர்ப்பிக்க 250 டாலர்.

மொழிபெயர்ப்பின் பேரில் மறுத்திருந்தால் பதிலை இந்த வரிசையில் அடுக்குங்கள்.

அகராதியில் தொடங்குங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இணையத்தில் கிடைக்கிறது. உங்கள் சொல்லின் பதிவை முழுமையாக எடுத்து, இணைய முகவரி, எடுத்த தேதியுடன் இணையுங்கள். சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருப்பதையும், ஆய்வாளர் எடுத்துக்கொண்டது அவற்றில் ஒன்று மட்டுமே என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். ஆங்கிலச் சொல்லிலிருந்து திருப்பியும் பாருங்கள்: அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினால் உங்கள் சொல்தான் முதலில் வருமா? வராவிட்டால் அதையும் எழுதுங்கள். 'ரெபெஷாஜ்' வழக்கு உங்கள் பக்கம் நிற்பது இந்த இடத்தில்.

அடுத்து, வாடிக்கையாளர் பெயர்த்துக்கொள்வாரா என்பது. ஊர்ப்பெயர், காவியப் பாத்திரம், விளிச்சொல் போன்றவற்றை யாரும் பெயர்ப்பதில்லை. 'செட்டிநாடு' என்பதைக் கேட்டதும் ஒரு சமூகத்தின் நாடு என்று ஆங்கிலத்தில் நினைப்பவர் யார்?

பிறகு சரக்கின் தொடர்பு. அவர்கள் பதிவில் 'உணவு வகைகள்' என்று அகலமாக எழுதியிருந்தால், 'நாங்கள் இந்தியக் கடையில் மட்டும் விற்கிறோம்' என்பது பயன்படாது. பதிவேட்டில் எழுதியிருப்பதே கணக்கு, அலமாரியில் இருப்பது கணக்கில்லை. உங்கள் வருணனையைச் சுருக்கினால் விலகுமா என்று பாருங்கள். சுருக்கலாம், பின்னால் விரிக்க முடியாது.

அந்த ஆங்கிலச் சொல்லைப் பலரும் பதிந்திருந்தால் அது நெரிசலான பெயர், ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு குறுகலானது என்று வாதிடலாம். பதிவு எண்களை மட்டும் பட்டியலிட்டால் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு பதிவின் பக்கத்தையும் அச்செடுத்து இணைக்க வேண்டும், அதே வகைச் சரக்காகவும் இருக்க வேண்டும். ஒரே பெயரில் நகைக்கடை, லாரி நிறுவனம், பல் மருத்துவமனை என்று இருபது காட்டுவதில் பலனில்லை.

இவற்றைவிட வேகமாக வேலை செய்யக்கூடியது எதிரில் இருப்பவரின் சம்மதம். அவரோடு பேசி ஒப்பந்தம் போடலாம். 'எங்களுக்கு ஆட்சேபனை இல்லை' என்ற ஒரு வரிக்கு மதிப்பு குறைவு. யார் எந்தச் சரக்கு, எந்தக் கடை, எந்த லேபிள் வடிவம், குழப்பம் வந்தால் இருவரும் என்ன செய்வார்கள் என்று விரிவாக இருக்க வேண்டும். 13 அம்சப் பட்டியலைத் தந்த 1973 வழக்கே இப்படியொரு சம்மத ஒப்பந்தத்தைப் பற்றியதுதான், அதை மதித்துத்தான் நீதிமன்றம் பதிவுக்கு வழிவிட்டது.

அவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தவே இல்லை என்று தெரிந்தால் வேறு வழி. பதிவான நாளிலிருந்து 3 முதல் 10 ஆண்டுக்குள் உள்ள பதிவில், ஒருபோதும் பயன்படுத்தாத சரக்கை நீக்கச் சொல்லி மனுப் போடலாம். வகுப்புக்கு 400 டாலர். 2021 டிசம்பர் 27 முதல் இந்த வசதி. தேடிப் பார்த்ததற்கான ஆதாரம் கையில் இருக்க வேண்டும். மனு முடியும்வரை உங்கள் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கக் கேளுங்கள்.

இறுதி மறுப்பு வந்தால் மறுபரிசீலனைக்குக் கட்டணமில்லை. வாரியத்திடம் மேல்முறையீடு செய்ய வகுப்புக்கு 225 டாலர். மேல்முறையீட்டில் புதிய ஆதாரம் சேர்க்க முடியாது, ஆகவே அகராதிப் பக்கங்கள் எல்லாம் அதற்கு முன்பே கோப்பில் ஏறியிருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் வைப்பதற்குச் செலவு செய்யுங்கள், முதல் விண்ணப்பத்தில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை.

8. வெளியீடு, எதிர்ப்பு

ஆய்வாளர் ஒப்புக்கொண்டபின் பெயர் செவ்வாய்க்கிழமை வெளியாகும் அரசிதழில் வரும். அன்றிலிருந்து 30 நாளுக்குள், அந்தப் பதிவால் தனக்குப் பாதிப்பு வரும் என்று கருதும் எவரும் எதிர்க்கலாம், அவகாசமும் கேட்கலாம். எதிர்ப்புக்கு வகுப்புக்கு 600 டாலர் அவர்கள் கட்ட வேண்டும். உங்கள் பதிலுக்கு 40 நாள். பதில் அனுப்பாமல் இருந்தால் தோற்றதாகவே கணக்கு. இது வழக்கு போலவே நடக்கும், சாட்சியம், ஆவணப் பரிமாற்றம் எல்லாம் உண்டு. பெரும்பாலானவை பேசி முடிபவை. அவகாசம் கேட்டுக் கடிதம் வந்தாலே பேச்சைத் தொடங்கிவிடலாம்.

உங்கள் பதிவு கைக்கு வந்தபிறகு வேறொருவர் உங்கள் தமிழ்ப் பெயரின் ஆங்கிலப் பொருளை அதே சரக்குக்குக் கேட்டால், இதே கோட்பாடு இப்போது உங்களுக்கு ஆயுதம். அவருடைய விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே 150 டாலர் கட்டி ஆய்வாளரின் பார்வைக்கு ஆதாரம் அனுப்பலாம். எதிர்ப்பு வழக்கைவிட எவ்வளவோ மலிவு.

9. பதிவுக்குப் பிறகு

விண்ணப்பம் போட்ட சில நாளிலேயே அரசு முத்திரை போல ஒன்று பதித்த மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும்: சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்க 900 டாலர், உடனே கட்டாவிட்டால் பெயர் போய்விடும் என்ற ரீதியில். யுஎஸ்பிடிஓ தொலைபேசியில் பணம் கேட்பதில்லை. எந்த அறிவிப்பு வந்தாலும் உங்கள் வரிசை எண்ணை வைத்து அலுவலகத் தளத்தின் நிலவரப் பக்கத்தில் அந்தக் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் குப்பைக்கு. வட்டத்துக்குள் 'ஆர்' போடும் குறியைப் பதிவு கிடைக்கும்வரை லேபிளில் போடக் கூடாது. 'டிஎம்' என்று எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

5ஆம் ஆண்டுக்கும் 6ஆம் ஆண்டுக்கும் இடையில் இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்ற உறுதிமொழி, வகுப்புக்கு 325 டாலர். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. நினைவூட்டல் மின்னஞ்சல் பழைய முகவரிக்குப் போய்ப் பதிவு காலாவதியானவர்கள் உண்டு, ஆகவே தேதியை நீங்களே குறித்துவையுங்கள். அந்த உறுதிமொழியோடு லேபிள் புகைப்படம் ஒன்றும் தர வேண்டும். அதில் இருக்கும் எழுத்துக்கூட்டல் பதிவில் உள்ளதோடு பொருந்த வேண்டும். இடையில் யாரோ எண் கணிதம் பார்த்து உங்கள் 'மயில்'க்கு இன்னொரு 'ஒய்' சேர்த்திருந்தால், அந்த ஒற்றை எழுத்துக்காகப் புதிதாக விண்ணப்பம் போட வேண்டிவரலாம்.